வியட்நாமில் எனக்கு என்ன வயது?

(எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் என்னை "முதுகுப்பைப் பயணி" என்று அறிமுகப்படுத்தினார். வீட்டில் இதற்கு வேறு பெயர். "ரிட்டயர்டு ஆன மனுஷன் காசிக்குப் போவான், இவர் வியட்நாமுக்குப் போறார்" என்றுதான் என் மனைவி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, மலையேற்றம் ஆகாது. அதனால் தனியாகத்தான் போனேன். 24 நாள், முதுகில் ஒன்பது கிலோ. அதில் ஒன்றரைக் கிலோ பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோசிமின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்டார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. இங்கிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய்ச் சேரும் நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். விசாவும் வீட்டிலிருந்தே கணினியில் வாங்கிக்கொள்ளலாம், 25 டாலர். அப்புறம் என்ன சாக்குச் சொல்வது?

திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்த இடம் சார் ரொம்பப் பிடிச்சுது?" வியட்நாமில் என்னிடம் எல்லோரும் கேட்டதும் ஒன்றே ஒன்று: "உங்களுக்கு என்ன வயசு?" டீக்கடையில், ரயிலில், விடுதி வரவேற்பறையில், எங்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் மொழியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு "நீங்கள்" போட்டுப் பேசிவிட முடியாது. அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா, தாத்தா என்று ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு எதிராளியின் வயது தெரிந்தாக வேண்டும். "நான்" என்பதும் அதற்கேற்ப மாறும். நம் வீடுகளில் "தாத்தா சொல்றேன் கேளு" என்போமே, அங்கே ஊர் முழுக்க அப்படித்தான். "அன்" என்றால் அண்ணன், "எம்" என்றால் தம்பி, "பாக்" என்றால் பெரியப்பா. தாத்தாவுக்கு "ஓங்". அந்தச் சொல்லை உதட்டை மூடி முடிக்கிறார்கள், அதனால் என் காதில் அது எப்போதும் "ஓம்" என்றே விழுந்தது. எனக்கு 59. அண்ணன் என்று கூப்பிட மாட்டார்களா என்ற நப்பாசையோடுதான் இறங்கினேன். முதல் நாளே விடுதிப் பெண் "பாக்" என்றாள். அதோடு எனக்கு மேல்தட்டுக் கட்டிலையும் கொடுத்தாள். பெரியப்பாவுக்கு ஏணி!

ஹோசிமின் நகரத்தை ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே சாலையைக் கடப்பது தனிக் கலை. மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்கவே நிற்காது. நாம் நிதானமாக, ஒரே வேகத்தில், நடுவில் தயங்காமல் நடந்தால் அவர்கள் விலகிப் போய்விடுகிறார்கள். பயந்து ஓடினால்தான் ஆபத்து.

நகரத்தின் நடுவே, துருவோங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டித் தொழில் செய்த நம் நகரத்தார் கட்டியது. 1975இல் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு அவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்டார்கள். அம்மன் திரும்பவில்லை. நான் போன அன்று உள்ளே முப்பது பேர் இருந்திருப்பார்கள், தமிழன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள், கையில் ஊதுபத்திக் கட்டோடு. கருவறைக்குப் பின்னால் இருக்கும் கல்சுவரில் நெற்றியையும் உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து, வாய்க்குள்ளேயே வேண்டுதலைச் சொல்கிறார்கள். அலுவலகச் சீருடையில் ஒரு பெண் ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். அவள் விலகியதும் நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அவள் நெற்றி வைத்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் என்ன வேண்டினேன் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் சம்பந்தப்பட்டது.

பணம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போனபோது நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். பையில் எப்போதும் லட்சக்கணக்கில் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். 20,000 டாங் தாளும் நீலம், 5,00,000 டாங் தாளும் நீலம். முன்னது நம் பணத்தில் எழுபது ரூபாய்க்குள், பின்னது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஹோய் ஆனில் ஒரு தள்ளுவண்டிப் பாட்டியிடம் முட்டை வைத்த ரொட்டி வாங்கினேன். நான் சைவம், முட்டைக்கு மட்டும் விலக்கு. அந்த அம்மா விரலால் தன் வயது 74 என்று காட்டி, என் வயதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காசு கொடுத்துவிட்டு ஆற்றங்கரை வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து "எம் ஓய்! எம் ஓய்!" என்று ஒரு கூச்சல். "ஓய்" என்பது விளிச்சொல், நம் "தம்பியோவ்" மாதிரி. பாட்டி வண்டியை விட்டுவிட்டு, ஐந்து லட்சத்துத் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். பணம் திரும்பி வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாட்டில் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஹோய் ஆன் காகித விளக்குகள் தொங்கும் பழைய துறைமுக ஊர். படத்தில் பார்த்திருப்பீர்கள், படத்தைவிட நெரிசல் அதிகம். எனக்கு விளக்கைவிட ஒரு பழைய வணிகர் வீட்டுச் சுவர்தான் நினைவில் நிற்கிறது. எந்தெந்த ஆண்டு ஆற்று வெள்ளம் எதுவரை ஏறியது என்று அதில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே. வெள்ளம் வந்தால் சாமான்களைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டு, வடிந்ததும் இறக்கிக்கொள்வார்களாம்.

அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மீ சன். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நான் கிளம்புவதற்கு முன்பே நம் வாட்ஸ்அப் குழுவில் "வியட்நாமில் சோழன் கட்டிய சிவன் கோயில்" என்று படம் வந்துவிட்டது. அது சோழன் கட்டியதல்ல, நண்பர்களே. அது சாம் மக்களின் கோயில். இன்றும் அந்த மக்கள் வியட்நாமில் வாழ்கிறார்கள், தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். சுமார் நான்காம் நூற்றாண்டில் அவர்களுடைய பழைய நாடான சம்பாவை ஆண்ட பத்ரவர்மன் என்ற மன்னன் அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்தான். இறைவன் பெயர் பத்ரேஸ்வரர். தன் பெயரோடு ஈஸ்வரனைச் சேர்த்துக் கோயிலுக்கு வைப்பது. ராஜராஜன் தஞ்சாவூரில் ராஜராஜேச்சரம் என்று வைத்தது அதற்கு ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு. அந்தக் காலத்தில் மன்னர்களிடம் இருந்த பழக்கம் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும். சம்பாவின் எழுத்து தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது, அது உண்மை. எழுத்து நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. செங்கல்லை அடுக்கியவர்கள் அவர்கள். அந்தப் பெருமையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

அந்தச் செங்கல்லைச் சொல்ல வேண்டும். நான் ஒரு சுவரில் என் ரயில் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தேன். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே காகிதம் நுழையவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி சாந்து எதுவும் கிடையாது. மரப்பிசின் வைத்து ஒட்டினார்களா, அடுக்கிய பிறகு மொத்தமாகச் சுட்டார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருந்த பள்ளத்தாக்கு அது. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன, எல்லாவற்றிலும் பெரிய கோபுரம் அன்றைக்கே போனது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்து, சின்னக் குளம் போல இருக்கின்றன. சில கோயில் தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறைதான் சீரமைத்துக் கொடுத்தது. அந்தப் பணியின்போது 2020இல் ஒற்றைக் கல்லாலான ஒரு சிவலிங்கம் கிடைத்தது, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வழிகாட்டிப் பையன் அதைக் காட்டிவிட்டு, "உங்கள் கடவுள்தானே, நீங்களே விளக்கம் சொல்லுங்கள்" என்று ஒதுங்கி நின்றான். எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

சரி, ரயிலுக்கு வருவோம். ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவே 1,726 கிலோமீட்டர். 1936இல் பிரெஞ்சுக்காரர்கள் முடித்தது. போரில் துண்டு துண்டாகி, 1976 கடைசியில் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. மீட்டர்கேஜ்! நம் ஊரில் முன்பு இருந்த அதே குறுகிய தண்டவாளம். இங்கே நரைத்த தலைகள் சில தெரிகின்றன, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி ஆடும் அந்த ஆட்டம், வளைவில் ஜன்னல் வழியாக இன்ஜினையே பார்க்க முடிகிற அந்தச் சுகம். இங்கே தொலைத்ததை டா நாங்கில் கண்டெடுத்தேன். டா நாங்கிலிருந்து ஹுவே நூறு கிலோமீட்டர்தான், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஹாய் வான் மலை. பெயருக்குக் கடல் மேகம் என்று பொருள். கார்களுக்கு 2005இல் ஆறு கிலோமீட்டர் சுரங்கம் போட்டுவிட்டார்கள், அவர்கள் இருட்டுக்குள் போய் இருட்டிலிருந்து வெளியே வருகிறார்கள். ரயில் மட்டும் மலைக்கும் கடலுக்கும் நடுவே, காட்டுச் செடி ஜன்னலை உரச உரச ஊர்ந்து போகிறது. வடக்கே போகிறவர்கள் வலப்பக்க இருக்கை கேட்டு வாங்குங்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா வேகவைத்த வேர்க்கடலையைப் பாதி எனக்குத் தள்ளினார். நான் பருப்புப்பொடியை எடுத்துக் காட்டினேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடலையை அதில் புரட்டிச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு ஏன் இத்தனை வருஷமாக இது தோன்றவில்லை?

நின் பின்னில் காலாலேயே துடுப்புப் போடும் படகுக்காரர்கள். நன்றாக இருந்தது. ஹனோயில் முட்டைக் காபி: 1946இல் பால் தட்டுப்பாடு வந்தபோது மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துப் பாலுக்குப் பதில் ஊற்றிய யோசனை. ஒரு தடவை குடிக்கலாம். அவர்களுடைய சாதாரணக் காபி நம் டிகாஷன் போலச் சொட்டுச் சொட்டாக இறங்குவது, அதற்குத்தான் தினமும் போனேன். டா நாங் அருகே மலை மேல் இரண்டு பெரிய கைகள் தாங்கும் பாலம் இருக்கிறதே, 2018இல் கட்டியது, எல்லோர் போனிலும் இருக்கும். கை கல் என்று நினைத்துப் போனேன். ஃபைபர் கிளாஸ். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாடு பற்றி முன்வரிசையில் ஒரு அம்மா ஆரம்பத்திலிருந்தே கேட்கக் காத்திருக்கிறார். சைவத்துக்கு அங்கே "சாய்" என்று பெயர். கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் நம்பி நுழையலாம். பௌர்ணமியன்றும், அமாவாசையன்று பிறக்கும் மாத முதல் நாளிலும் பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், அன்று எந்த ஊரிலும் கவலையில்லை. மற்ற நாளில் வெறும் கீரை வதக்கல் கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், ஜாக்கிரதை.

கடைசியாக ஹா ஜியாங். சீன எல்லை. வழியில் பார்க்கும் மலையெல்லாம் கூர்கூராகச் சுண்ணாம்புக் கல், மண்ணே கண்ணில் படாது. மோங் இன மக்கள் கூடையில் மண் சுமந்து வந்து, பாறை இடுக்கில் கொட்டி, குழிக்கு இரண்டு மூன்று சோள விதை போடுகிறார்கள். மக்காச்சோளம். ஒரு மேட்டுக்குச் சென்று எண்ணிப் பார்த்தேன்: ஒரு வயல் என்பது நாற்பத்தொரு குழி. நம் டெல்டாக்காரர்கள் யாராவது அங்கே போனால் ஒரு வாரம் பேசமாட்டார்கள்.

அந்த மலைச் சாலைக்கு மகிழ்ச்சிச் சாலை என்று பெயர். 1959இல் தொடங்கி 1965 வரை, பல இனக் குழுக்களின் இளைஞர்கள் பெரும்பாலும் கையால் வெட்டியது. மா பி லெங் கணவாயில் செங்குத்துப் பாறை. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு பதினொரு மாதம் உளி போட்டிருக்கிறார்கள். கீழே, எட்டிப் பார்க்க முடியாத ஆழத்தில், பச்சை நூல் போல நோ குவே ஆறு. இளவட்டங்கள் தாங்களே பைக் ஓட்டுகிறார்கள், முட்டியில் கட்டோடு திரும்புகிறவர்களையும் பார்த்தேன். நான் ஒரு உள்ளூர்ப் பையனுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். 24 வயது. "அன்" என்று கூப்பிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "சரி, பாக்" என்றான்.

மூன்றாம் இரவு ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தில், தூண் மேல் நிற்கும் மர வீட்டில் தங்கல். பாய் விரித்துப் பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த விசாரணையும் இல்லாமல், நரையைப் பார்த்தே "ஓம் ஓய்!" என்றாள். தாத்தோய்! வேகவைத்த சோளமாவை என் கிண்ணத்தில் போட்டாள். சாப்பிட்டேன். பாட்டி போட்டார். சாப்பிட்டேன். மறுபடி கரண்டி வந்தபோது கையைக் குறுக்கே நீட்டி "நோ, நோ" என்றேன், இங்கிலீஷில். அவர்கள் மொழியில் "நோ" என்றால் வயிறு நிறைந்தது என்று அர்த்தமாம். மொத்த வீடும் பூரித்துப்போயிற்று. வந்தவர் நம் பாஷை பேசுகிறாரே! குழந்தைக்கு மட்டும் என் இலக்கணம் போதவில்லை. முறை வைக்காமல் பேசக் கூடாதல்லவா? என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "ஓம் நோ ரோய்" என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். தாத்தாவுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு. மூன்றாவது முறை சரியாக வந்தது. பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தார்.