மான் சுடும் ஊரில் காகிதம் கேட்பது

நேயர்களுக்கு வணக்கம். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர்களில் இன்று எந்த நகரமன்றக் கூட்டத்துக்குப் போனாலும் மான் பேச்சு வராமல் இருப்பதில்லை. சாலைக் குழி, நூலக வரி, அதற்கடுத்து மான். நான் குடியிருக்கும் ஊரிலும் அப்படித்தான். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம்; இன்னும் முடியாத விவகாரம். குளிர்காலத்தில் சில பூங்காக்களை மாலையில் மூடிவிட்டு, ஒப்பந்தக்காரர்களை வைத்து மான்களைச் சுட்டுக் குறைக்கலாமா என்று மன்றம் யோசிக்கிறது. அந்த யோசனைக்கு அடிப்படையாக இருக்கும் காகிதங்களைக் கேட்டு நான் மனுப் போட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள்.

மனுப் போட்டதும் என்னைப் பலரும் மான் காப்பாளர் ஆக்கிவிட்டார்கள். அப்படி இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் சாலையில் மான் மோதும் விபத்துகள் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் பதிவாகின்றன. காட்டுப் பக்கம் நடந்தால் மனித இடுப்பு உயரம் வரை பச்சையே இல்லாமல் மேய்ந்து தீர்த்திருப்பதைப் பார்க்கலாம். வசந்தத்தில் பூக்கும் டிரில்லியம் என்ற காட்டுப்பூ சில இடங்களில் அறவே போய்விட்டது. ஓநாய் இல்லை, ஊருக்குள் வேட்டை இல்லை, வீட்டுக்கு வீடு தோட்டம் இருக்கிறது. நல்ல தீனி கிடைத்தால் பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும்? எங்கள் தெருவில் மகள் வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்திருக்கும் ஒரு பெரியம்மா கோடை முழுக்க அவரைப் பந்தல் போட்டு வளர்த்தார். ஒரே ராத்திரியில் மான் வந்து கொடியை அடியோடு தின்றுவிட்டது. "சுட்டா சுடட்டும்ப்பா, நீ எதுக்குக் குறுக்க நிக்கிற?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். "நான் குறுக்க நிக்கல பெரியம்மா, எந்த இடத்துல நின்னு சுடுவாங்கன்னு மட்டும் கேக்கறேன்" என்றேன். "அதக் கேக்கலாம்" என்றார்.

நம் பகுதியில் இதைச் செய்து பார்த்த ஊர் ஆன் ஆர்பர். பல்கலைக்கழக நகரம் என்பதால் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 2015 ஆகஸ்டில் நகரமன்றம் நான்காண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. 2016 தொடக்கத்தில் முதல் சுற்று. மத்திய விவசாயத் துறையின் வனவிலங்குப் பிரிவினர் வந்து சுட்டார்கள். அனுமதி 100 மானுக்கு, சுட்டது 63. வழக்கும் நடந்தது: நிறுத்தச் சொல்லிச் சில குடியிருப்பாளர்கள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வொயிட் பஃபலோ என்ற அமைப்புக்கு ஒப்பந்தம் போனது. 96 மான்களைச் சுட்டார்கள். அதோடு சில வட்டாரங்களில் பெண் மான்களுக்கு மயக்க ஊசி போட்டுச் சூலகத்தை அகற்றும் கருத்தடை அறுவை செய்து திரும்ப விட்டார்கள். 2018இல் சுட்டது 115. இறைச்சி உள்ளூர் உணவு வங்கிக்குப் போனது.

அந்த ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இன்றும் இதைப் பற்றிப் பேசினால் சூடாகிவிடுவார்கள். ஆனால் சற்றுமுன் நான் சொன்ன எண்களை எந்தச் சிரமமும் இல்லாமல் சொல்ல முடிகிறது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அவற்றை வெளியிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எதை வைத்து வெற்றி தோல்வியை அளப்போம் என்று முன்கூட்டியே எழுதினார்கள். இயற்கைப் பகுதிகளில் செவ்வோக் (ரெட் ஓக்) மர நாற்றுகளை நட்டு, அவற்றில் எத்தனையை மான் கடிக்கிறது என்று பார்த்தார்கள். குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கணிப்பு எடுத்து, அதில் 75 சதவீதம் பேராவது நிலைமை பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கு சரியா தவறா என்று சண்டை போடலாம், போட்டார்கள். சண்டை போட ஓர் எண் இருந்தது.

எங்கள் ஊரில் அது இல்லை. மன்றத்தில் காட்டிய படக்காட்சியில் "மான் எண்ணிக்கை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது" என்று ஒரு வரி. எத்தனை மான்? யார் எண்ணினார்கள்? மான் எண்ணுவது எப்படி என்று தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது விளங்கும். தரையில் பனி மூடியிருக்கும் நாளில் ஹெலிகாப்டரில் தாழப் பறந்து, வெள்ளைப் பின்னணியில் தெரியும் மான்களை எண்ணுவார்கள். பனி சரியாக இல்லையென்றால் எண் குறையும். ஊர் எல்லையைத் தாண்டிப் பறந்து எண்ணினால் கூடும். ஊசியிலை மரங்களுக்குள் படுத்திருப்பவை தெரியவே தெரியாது. அதனால் எண்ணைத் தனியாகச் சொன்னால் போதாது. பறந்த நாள், பறந்த பரப்பின் வரைபடம், பனி நிலை எல்லாம் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

அதே படக்காட்சியில் இன்னொரு வரி: மான் குறைந்தால், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் குறையும். இதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உண்ணி வளர்ந்த பிறகு மானின் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது, உண்மை. ஆனால் நோய்க் கிருமியை உண்ணிக்குக் கொடுப்பது மான் இல்லை. முக்கியமாக வெண்பாத எலி. மானைப் பாதியாகக் குறைத்தால் நோயும் பாதியாகும் என்று கணக்குப் போட முடியாது. அந்த வரிக்கு ஆதாரம் எந்த ஆய்வு என்று கேட்டேன். "பொதுவாக அறியப்பட்டது" என்று பதில். மன்றத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் அதைச் சேர்த்திருப்பார். ஆனாலும் துப்பாக்கி தூக்கும் முடிவுக்கு நல்லெண்ணம் ஆதாரமாகாது.

சரி, காகிதம் எப்படிக் கேட்பது? நம்மில் பலர் ஊரில் ஆர்.டி.ஐ. போட்டவர்கள், அல்லது போட்டவரைத் தெரிந்தவர்கள். தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்குமான சட்டம் அதன்பின் 2005இல்தான் வந்தது. மிச்சிகனில் இருப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே எல்லோரும் சுருக்கமாக 'ஃபோயா' என்பார்கள். நம்மவர்கள் தவறாக நினைப்பது ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: குடியுரிமை வேண்டியதில்லை. இந்திய ஆர்.டி.ஐ.யில் குடிமக்கள்தான் கேட்க முடியும். மிச்சிகனில் சிறையில் இருப்பவர் தவிர யாரும் கேட்கலாம். எச்-ஒன்-பி விசாவில் இருப்பவரும் கேட்கலாம், பச்சை அட்டைக்காரரும் கேட்கலாம். பெயர், முகவரி, தொடர்பு விவரம் கொடுத்து எழுத்தில் கேட்டால் போதும். ஐந்து வேலை நாளில் பதில் தர வேண்டும். இன்னும் பத்து வேலை நாள் நீட்டித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் நீட்டித்துக்கொண்டது. அதில் எனக்குக் குறையில்லை.

சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. கேள்விக்குப் பதில் எழுதித் தரச் சொல்லவில்லை. "ஏன் சுடப் போகிறீர்கள்?" என்று மனுவில் எழுதினால் அதற்கு யாரும் பதில் தரக் கடமைப்பட்டவரல்லர். "மாநில இயற்கை வளத் துறைக்கு நகரம் அனுப்பிய அனுமதி விண்ணப்பம், அதன் இணைப்புகள், ஒப்பந்த நகல், வான்வழிக் கணக்கெடுப்பு அறிக்கை" என்று எழுதினால் தேடித்தான் ஆக வேண்டும். பக்கத்துத் தெரு அமெரிக்க நண்பர் ஒருவர் கோபத்தில் 'மான்' என்ற சொல் வரும் எல்லா மின்னஞ்சலும் வேண்டும் என்று கேட்டுவிட்டார். தேடும் ஊழியரின் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. மதிப்பீடு ஐம்பது டாலரைத் தாண்டினால் பாதியை முன்பணமாகக் கேட்கலாம். அவருக்கு வந்த மதிப்பீட்டைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். அந்த இடத்தில் விட்டிருக்க வேண்டியதில்லை. மனுவைச் சுருக்கித் திரும்பக் கேட்கலாம். அந்த வேலையைச் செய்யக்கூடிய ஊழியர்களில் குறைந்த சம்பளக்காரரின் ஊதிய அளவில்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும், நகலுக்குத் தாள் ஒன்றுக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டணப் பட்டியலை வரிவரியாகப் பிரித்துக் கேளுங்கள். மளிகைக் கடை ரசீதைச் சரிபார்க்கிறவர்கள்தானே நாம்.

நகரம் தயங்கினால் வேறு வாசல்களும் உண்டு. மான் ஊருக்குச் சொந்தமில்லை, மாநிலத்தின் பொறுப்பு. மாநில இயற்கை வளத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு மானைக்கூடச் சுட முடியாது. ஆகவே விண்ணப்பத்தின் நகல் அங்கேயும் இருக்கும். மத்திய விவசாயத் துறை ஆட்கள் சுட வந்தால் மத்திய அரசின் தகவல் சட்டப்படியும் கேட்கலாம். தனியார் அமைப்பு வந்தால்தான் சிக்கல். அவர்கள் கையிலேயே இருக்கும் குறிப்பு நகரத்தின் கைக்கு வராதவரை நமக்கும் வராது என்று வாதிட இடமிருக்கிறது. அதனால்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பேச வேண்டும். ஒவ்வோர் இரவும் எங்கே சுட்டார்கள், எத்தனை தோட்டா, எத்தனை மான் அந்த இடத்திலேயே விழுந்தது, எத்தனை காயத்தோடு ஓடியது என்ற குறிப்பை நகரத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு யாரும் மனுப் போட்டு அலைய வேண்டியதில்லை.

மறைப்பதற்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று இரவு எந்தப் பூங்காவில் சுடுவோம் என்று முன்கூட்டியே அறிவித்தால் எதிர்ப்பாளர்கள் அங்கே வந்து நிற்பார்கள். துப்பாக்கிக்கு முன்னால் ஆள் நடமாடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். சுடுகிறவர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கள் வீட்டுக்கு மிரட்டல் போகலாம். இவற்றை மறைக்கட்டும். ஆனால் மிச்சிகனில் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது என்று விதி உண்டு. ஆன் ஆர்பரில் இந்த 450 அடியைப் பற்றியே பெரிய வாக்குவாதம் நடந்தது. வீடுகள் நெருங்கிய புறநகரில் பூங்காவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 450 அடி வட்டம் போட்டுப் பாருங்கள், நடுவில் மிஞ்சுவது சில இடங்களில் கைக்குட்டை அளவுதான். எங்கள் ஊர் அந்த விதியை அப்படியே ஏற்கிறதா, தளர்வு கேட்கிறதா, கேட்டால் எந்த வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்கியது? இதை மறைக்க எந்தப் பாதுகாப்புக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. குறிப்பிட்ட இரவைச் சொல்ல வேண்டாம், வரைபடத்தைக் காட்டுங்கள் என்கிறேன்.

இறைச்சி விஷயமும் இருக்கிறது. ஏழைகளுக்கு உணவாகிறது என்றதும் எல்லோரும் தலையாட்டி விடுகிறோம். 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உணவு வங்கிகளுக்குக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பதாகத் தெரிந்து, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்ல நேர்ந்தது. ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறும். செப்புத் தோட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது சி.டபிள்யூ.டி. என்கிற மான் மூளை நோய். மிச்சிகனில் காட்டு மானிடம் இது முதலில் தெரியவந்தது 2015இல், லான்சிங் நகரை ஒட்டிய மெரிடியன் டவுன்ஷிப்பில், அதாவது ஒரு புறநகரில். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்றில்லை. என்றாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அறிவுரை. ஆகவே எந்தத் தோட்டா, எந்தப் பரிசோதனைக் கூடம், முடிவு வருமுன் இறைச்சி விநியோகம் ஆகுமா? வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நகரமன்றத்துக்கு வந்து கேட்கப் போவதில்லை, அவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்கும்.

சுடாமல் குறைக்க முடியாதா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும் இடங்கள் இருக்கின்றன. ஆன் ஆர்பரின் அறுவைத் திட்டம் அதற்குத்தான். ஆனால் 2018 கடைசியில் மாநிலச் சட்டமன்றம் அப்படிப்பட்ட கருத்தடை அனுமதிகளையே சில ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்துச் சட்டம் போட்டது. ஊர் தானாக முடிவு செய்யக்கூடியது எது, மாநிலம் கையைக் கட்டிப்போட்டது எது என்று பிரித்துச் சொன்னால் மன்றத்தின் மேல் பாதிக் கோபம் குறையும். அதைக்கூட இவர்கள் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

நம்மவர்களிடம் இதைப் பேசினால் "நமக்கெதுக்கு வம்பு, விசாவில் இருக்கிறோம்" என்பார்கள். மிச்சிகனின் திறந்த கூட்டச் சட்டப்படி நகரமன்றக் கூட்டத்தில் உட்காருவதற்குப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சும்மா போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். போக முடியாதவர்கள், கூட்டம் முடிந்த எட்டு வேலை நாளில் வரைவு நடவடிக்கைக் குறிப்பு கிடைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் மன்றம் அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுக்கிறது. பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். மான் நல்லதா கெட்டதா என்று பேசினால் அந்த மூன்று நிமிடமும் அதிலேயே போய்விடும். நான் கேட்கப் போவது 450 அடி வரைபடம், ஒப்பந்த வரைவு, எந்த எண்ணை எட்டினால் சுடுவதை நிறுத்துவார்கள் என்ற ஒரு வரி. அவரைப் பந்தல் பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வேறு மாதிரிப் பேசுவார். அவருக்கும் மூன்று நிமிடம் உண்டு.

நன்றி, வணக்கம்.