கக்கன் படுத்த பொதுப் பிரிவு

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, என்னைக் கைபிடித்து மேடை ஏற்றிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கூட்டத்துக்குத் தன் களத்தையே விட்டுக்கொடுத்த பெரியவர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை இந்த ஊர் நூலகருக்குப் போர்த்துகிறேன். கக்கனைப் பற்றி நான் படித்த முதல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். கக்கன் என்ற அந்தக் குடத்தைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: கோயில், அணை, ஆஸ்பத்திரி.

1908-ல் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர். அப்பா கிராமக் கோயில் பூசாரி. தாழ்த்தப்பட்ட சாதி என்று அந்தப் பூசாரி மகனுக்கு மதுரை மீனாட்சி கோயில் வாசல் அடைத்திருந்தது! 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் உள்ளே அழைத்துப் போன சிலரில் கக்கனும் ஒருவர். பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952-ல் நாடாளுமன்றம், 1957-ல் சட்டமன்றம். வைகை அணை திறந்தபோது பொதுப்பணித்துறை அவர் கையில். பின்னாளில் உள்துறை, போலீஸே அவர் கையில். நிறைகுடம், ஒரு சொட்டு சிந்தவில்லை. அணையைப் பற்றி நிறையச் சொல்லலாம். நேரம் கருதி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

1967-ல் தோற்றார். பதவியோடு காரும் போனது. டவுன் பஸ்ஸில் ஏறினார். உடம்பு முடியாமல் மதுரை அரசு மருத்துவமனைக்குப் போனவர், பொதுப் பிரிவில் படுத்தார். மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க அங்கே வருகிறார் முதல்வர் எம்.ஜி.ஆர். கக்கனும் இங்கேதான் இருக்கிறார் என்று யாரோ சொல்கிறார்கள். உடனே பொதுப் பிரிவுக்கு நடக்கிறார். நோயாளிகளுக்கு நடுவே, முன்னாள் உள்துறை அமைச்சர்! தனி அறைக்கு மாற்றுகிறேன் என்கிறார் முதல்வர். வேண்டாம் என்றுவிட்டார் கக்கன். தாய்மார்களே, நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்?

போன மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் என் அம்மாவைச் சேர்த்தேன். கட்டில் இல்லை, வராந்தாவில் பாய். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டக் கம்பி இல்லை. விடிய விடிய கையில் தூக்கிப் பிடித்து நின்றேன். கை மாற்றும்போதெல்லாம் குழாயில் ரத்தம் ஏறும், அம்மா முனகுவார். பாட்டில் பிடித்த கையோடு அந்த வராந்தாவில் என்னைப் போல நான்கு பேர். நம் தொகுதி உறுப்பினர்கள் அந்தப் பாயில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாளே கம்பி வரும், கட்டில் வரும்.

அதனால் கேட்கிறோம்: வார்டு உறுப்பினர் முதல் அமைச்சர் வரை, அவரும் அவர் குடும்பமும் அரசு மருத்துவமனையில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். கையெழுத்துத் தாள் மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. முதல் கையெழுத்துப் போடுவதாக ஊராட்சி மன்றத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பேனா இதோ, வாங்க ஐயா.