பாறை உரசிய கயாக்குக்கு வைத்தியம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பவானி ஆறு பாறையும் கூழாங்கல்லுமாகத்தான் ஓடுகிறது. ஆழியாறு, அமராவதி அணைகளிலும் கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் கரை முழுக்கக் கல். அனுமதி உள்ள இடமாகப் பார்த்து பிளாஸ்டிக் கயாக், அதாவது ஒல்லியான துடுப்புப் படகு, ஓட்டுகிறவர்கள் இப்போது நம் பக்கமும் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியதும் அடிப்பக்கம் கீறலும் சிராய்ப்புமாக, மேல்பக்கம் வெயிலில் வெளுத்துப் போய் எங்கள் பட்டறைக்கு எடுத்து வருவார்கள். வந்ததும் கேட்பது, "அண்ணா, இதுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாமுங்க?"

பெயின்ட்டைக் கடைசியில் பார்க்கலாம் என்பேன். பிளாஸ்டிக் கயாக்குக்கு அதே பிளாஸ்டிக்தான் மருந்து. கல் படாத இடத்தில் மட்டும், அதுவும் பரப்பைத் தயார் செய்த பிறகுதான் பெயின்ட்.

இந்தக் கயாக்குகளில் பெரும்பாலானவை பாலித்தீன். மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதே பொருள், செய்கிற முறையும் அதேதான். பாலித்தீன் தூளை உலோக அச்சுக்குள் போட்டு, சூட்டில் வைத்து எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். தூள் உருகி உட்சுவரில் படியும். ஆறியதும் எங்கும் ஒட்டுப் போடாத ஒரே கூடாக வெளியே வரும். கயாக்கை இப்படிச் செய்யத் தொடங்கியது 1970-களில். பாலித்தீன் அதைவிட மூத்தது. 1933இல் இங்கிலாந்தில், வேறு எதற்கோ செய்த பரிசோதனையில் தற்செயலாகக் கிடைத்தது. தண்ணீரை உறிஞ்சாது, உப்புப் பிடித்தாலும் எளிதில் பெயர்ந்து வரும். தொட்டிக்கு இது பெரிய நன்மை. பெயின்ட் அடிக்கப் போகிறவருக்கு இதுவேதான் தொல்லை.

ஒரு திரவம் பரவிப் பிடிக்க வேண்டுமானால், அது படும் பரப்புக்கு அதை இழுத்து வைத்துக்கொள்ளும் சக்தி இருக்க வேண்டும். அதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அதில் பாலித்தீனின் அளவு 31 சொச்சம். பெயின்ட் நன்றாகப் பிடிக்க 38, 40 ஆவது வேண்டும். அதனால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி பெயின்ட் மேலோடு நிற்கும். காய்ந்த அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். அடுத்த முறை கல்லில் உரசினால் தோலாக உரிந்து வந்துவிடும்.

பரிசலுக்குத் தார் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். மூங்கில் கூட்டின் மேல் சாக்கு போர்த்தித் தார் பூசினால், நெசவின் இடுக்கில் தார் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. கயாக்கின் வழுவழுப்பான தோலில் அப்படி இறங்க இடுக்கே இல்லை.

சரி, நம் கையில் இருப்பது பாலித்தீன்தானா? அடிப்பக்கத்தில் பிசிறாக நிற்கும் ஒரு துணுக்கைப் பிளேடால் சீவித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் அது ஏபிஎஸ் போன்ற வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதில் பெயின்ட் சுலபமாகப் பிடிக்கும். மிதந்தால் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி அணையுங்கள். மெழுகுவத்தி அணைத்த வாசம் வந்தால் பாலித்தீன். வெட்டவெளியில் நின்று செய்யுங்கள், புகையை மூக்கருகே இழுக்க வேண்டாம்.

இனி வேலை. முதலில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிக் காயவிட்டு, வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் எத்தனை இருந்தாலும் அப்படியே விட்டுவிடலாம். அதனால் வேகமும் குறையாது, வலுவும் குறையாது. பார்க்கச் சகிக்கவில்லை என்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பாலித்தீன் மாவாக உதிராது, நாராகக் கிளம்பும். தேய்க்கத் தேய்க்க இன்னும் பிசிறும். கூரான பிளேடைச் சாய்த்துப் பிடித்து நாரைச் சீவிவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து லேசாகக் காட்டினால் போதும். வெளுத்திருந்த கோடு கண்ணெதிரே மங்கி, பழைய நிறம் திரும்பும். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், அடிப்பாகம் குழிந்துவிடும். சீவிய துணுக்குகளை ஒரு தார்ப்பாய் விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கீழ்பவானி வாய்க்காலோ காலிங்கராயன் வாய்க்காலோ ஓடினால் இது கட்டாயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் பின்முனையின் அடி. தனியாக வருகிறவர்கள் முன்கைப்பிடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவார்கள். மொத்த எடையும் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தில் தேயும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மற்ற இடங்களில் அசையாத சுவர் அங்கே உள்ளே போய் வெளியே வரும். கயாக்கின் சுவர் பொதுவாக ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். அங்கே அட்டை மாதிரி ஆகியிருக்கும். அது ஓட்டையாகும் வரை காத்திருக்கக் கூடாது.

முன்பெல்லாம் தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவர்கள் வருவார்களே, அவர்கள் செய்ததுதான் இங்கேயும் வேலை. காய்ச்சிய தகட்டால் குடத்தின் விரிசலையும், ஒட்டுத் துண்டையும் ஒன்றாக உருக்கி இழைத்து விடுவார்கள். பசை என்ற பேச்சே கிடையாது. கயாக்குக்கும் அதே வகைப் பாலித்தீன் குச்சி வேண்டும். கம்பெனியே விற்கும் குச்சி கிடைத்தால் நல்லது. உடைந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து பட்டையாக வெட்டியும் பார்க்கலாம். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துண்டை உருக்கி ஒட்டி, நன்றாக ஆறியதும் இடுக்கியால் இழுங்கள். பெயர்ந்து வந்தால் இரண்டும் சேராத ஜாதி. இன்னொன்று, மூலக்கூறுகளைக் குறுக்கே பின்னிய ஒருவகைப் பாலித்தீன் கயாக்கும் உண்டு. அது உருகவே உருகாது, வெல்டிங் எடுக்காது.

விரிசல் என்றால் அதன் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போடுங்கள். அப்போதுதான் விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பிறகு விரிசல் வழியே கத்தியால் ஆங்கில வி போல ஒரு பள்ளம் சீவிக்கொள்ளுங்கள். ஹீட் கன்னில் 270-லிருந்து 300 டிகிரி செல்சியஸ் வரை போதும். பள்ளத்துக்கும் குச்சிக்கும் மாற்றி மாற்றிச் சூடு காட்டுங்கள். எதற்கும் அவசரப்படாதீர்கள். இரண்டும் ஈரம் பட்டது போல மினுமினுத்தால் அதுதான் பக்குவம். அந்த நேரத்தில் குச்சியை அழுத்திப் பதித்துக்கொண்டே நகருங்கள். குச்சி மட்டும் இளகி, கயாக் இளகாமல் இருந்தால் மேலே படிந்த புழுவாக நிற்குமே தவிர, சேராது. புகை வந்தால் சூடு அதிகம். தேய்ந்த பின்முனைக்கும் இதே முறைதான்: குச்சியை வரிவரியாக அடுக்கி, ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று ஏறும்படி இழைக்க வேண்டும். தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. மேடாக நிற்பதை மறுநாள் பிளேடால் சீவி மட்டப்படுத்தலாம்.

மேல்பக்கத்துக்குப் பெயின்ட் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தடுக்க மாட்டேன். வெளுத்துப் போன கயாக் தூரத்தில் தண்ணீரோடு தண்ணீராகத் தெரியும். ஆரஞ்சோ மஞ்சளோ அடித்தால் கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படும், அது நல்லதுதான். அடிப்பக்கம் மட்டும் வேண்டாம். உரிகிற பெயின்ட் ஆற்றில்தான் போகும். பவானியில் உள்ள பில்லூர் அணையிலிருந்துதான் கோவைக்குக் குடிதண்ணீரில் ஒரு பங்கு வருகிறது.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். வீட்டில் மிஞ்சிய சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். அது படலமாக நிற்கும். ஆல்கஹால் முழுக்கக் காய்ந்து, பாட்டிலையும் துணியையும் தூரமாக எடுத்து வைத்த பிறகுதான் தீ. பிளம்பர் வைத்திருக்கும் கேஸ் டார்ச்சில் நீலச் சுடரின் நுனி மட்டும் பரப்பைத் தொட்டுப் போக வேண்டும். விநாடிக்கு ஓரடிக்குச் சற்று அதிகமான வேகத்தில் நகரட்டும். நிறம் மாறவும் கூடாது, மினுங்கவும் கூடாது. இதில் மேல்தோலில் ஆக்சிஜன் ஏறி, பெயின்ட்டைப் பிடிக்கும் சக்தி வருகிறது. நடந்ததா என்று பார்க்க, தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் ஆகவில்லை. படலமாகப் பரவினால் ஆயிற்று. ஈரத்தைக் காயவிட்டு, கை படாமல், தாமதிக்காமல் பெயின்ட்டைத் தொடங்குங்கள்.

நெருப்பு பயமாக இருந்தால் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவரிடம் போங்கள். பம்பர் பாலிபுரொப்பிலீன், அதுவும் எதையும் ஒட்டவிடாத குடும்பம்தான். அதற்கென்று ஒரு பிரைமர் வைத்திருப்பார்கள். முதலில் ஓரிடத்தில் அடித்துக் காயவைத்து, செலோ டேப் ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள், டேப்போடு பெயர்ந்து வராவிட்டால் பிடித்திருக்கிறது. பெயின்ட்டைக் கனமாக ஒரே தடவையில் அடிக்காமல் மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஒரு வாரம் தண்ணீரில் இறக்க வேண்டாம், வண்டி மேல் வைத்து நாடா போட்டு இறுக்கவும் வேண்டாம்.

அந்த ஒரு வாரமும், அதற்கப்புறமும், கயாக் இருக்க வேண்டிய இடம் நிழல். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் பாலித்தீனை வெளுக்க வைத்து, நொறுங்க வைக்கிறது. தோட்டத்துச் சாளை என்றால் கட்டுத்தரைக் கூரையின் கீழ் பக்கவாட்டில் சாய்த்து, அகலமான பட்டையில் தாங்கி வையுங்கள். இரண்டு கம்பி மேல் மாதக்கணக்கில் கிடத்தினால் பங்குனி, சித்திரைச் சூட்டில் அடி குழிந்துவிடும். அப்படிக் குழிந்தால் பயப்பட வேண்டாம். கவிழ்த்து வெயிலில் வைத்து, உள்ளிருந்து மெதுவாகத் தள்ளினால் பெரும்பாலும் எழும்பிவிடும். தென்னைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். தேங்காய் விழுந்து பள்ளமான கயாக்கும் பட்டறைக்கு வருகிறது.

நன்றி, வணக்கம்.