அன்றிரவே எழுத வேண்டிய குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பண்புசார் ஆய்வுக்காக, அதாவது எண்ணிக் கணக்கிடாமல் மக்களின் வாழ்வை நெருங்கிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஆய்வுக்காக, முதன்முதலில் களத்துக்குப் போகிறவர்கள், "அங்கே போய் என்னென்ன கேட்க வேண்டும்?" என்றுதான் விசாரிப்பார்கள். கேள்விகள் அப்புறம் வரட்டும். முதலில் அங்கே சும்மா இருக்கப் பழக வேண்டும். மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கும் இடத்தில் நாமும் கூடவே இருந்து, முடிந்ததில் கை கொடுத்து, நடப்பதைக் கவனிப்பதுதான் பங்கேற்று உற்றுநோக்கல். நேர்காணலில் ஒருவர், தான் என்ன செய்வதாக நினைக்கிறாரோ அதைச் சொல்வார். உண்மையில் என்ன செய்கிறார் என்பது கூட இருந்தால்தான் தெரியும். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. தினமும் செய்வதை யார்தான் கவனிக்கிறோம்?

சமூகவியலாளர் வில்லியம் ஃபூட் வைட் 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் தங்கி ஆய்வு செய்தார். சூதாட்டத் தொழிலில் இருந்த ஒருவரிடம், போலீசுக்குப் பணம் போகிறதா என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். பேச்சு அங்கேயே கெட்டுப்போனது. வைட்டுக்கு வழிகாட்டியாக இருந்த உள்ளூர் இளைஞர் மறுநாள் சொன்னதன் சாரம் இதுதான்: யார், என்ன, ஏன் என்று துருவாதே, உன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், கூடச் சுற்றிக்கொண்டிரு, கேட்காமலே பதில் வரும்.

சரி, வந்த பதில் எங்கே தங்கும்? களக்குறிப்பில்தான். அன்று குறிப்பு எழுதவில்லையென்றால் அன்று களத்துக்குப் போனதாகவே நான் கணக்கில் வைக்க மாட்டேன்.

களத்தில் இருக்கும்போது துண்டு துண்டாகக் குறித்தால் போதும். நேரம், யார் யார் இருந்தார்கள், காதில் விழுந்த ஒரு வாக்கியம் அப்படியே. அன்றிரவே, அதைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன்பு, முழுதாக விரித்து எழுதிவிட வேண்டும். பேசிவிட்டால் நினைவு கதையாகிவிடும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் ஆய்வு உருவாவது அங்கேதான்.

எப்படி எழுதுவது? ஒரு மருத்துவமனையின் பதிவு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். "ஊழியர் முதியவரை அலட்சியமாக நடத்தினார்" என்று ஒருவர் எழுதுகிறார். இதில் காட்சி எதுவும் இல்லை, தீர்ப்பு மட்டும் இருக்கிறது. இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "முதியவர் சீட்டை நீட்டினார். ஊழியர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், 'அடுத்த ஜன்னல்' என்றார். முதியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்ற பெண் அவர் முழங்கையைத் தொட்டு, இடப்பக்கம் கை காட்டினார்."

ஆறு மாதம் கழித்து முதல் குறிப்பை எடுத்துப் பார்த்தால், அன்று வந்த கோபம் மட்டும் மிச்சமிருக்கும். இரண்டாவதில் அந்தப் பெண் இருக்கிறார். அங்கே நோயாளிகளுக்கு வழிகாட்டுவது நோயாளிகளேதானோ என்ற கேள்வி, எழுதிய நாளில் ஆய்வாளருக்குத் தோன்றியே இருக்காது. எது முக்கியம் என்று நமக்கு இன்னும் தெரியாத நிலையில்தான் குறிப்பு எழுதுகிறோம். அதனால்தான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதச் சொல்கிறேன்.

அப்படியானால் நம் கருத்தை எங்கே வைப்பது? அதுவும் வேண்டும், ஆனால் தனியாக, அடைப்புக்குறிக்குள்ளோ பக்கத்தின் ஓரத்திலோ. எரிச்சல், தனிமை, ஒருவரைப் பிடிக்காமல் போவது ஆகியவற்றுக்கு வேறொரு நோட்டு. களப்பணிக்கே முன்னோடியாகப் போற்றப்படும் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினி அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு 1967இல் வெளிவந்தது. தீவு மக்கள் மீது அவருக்கு இருந்த சலிப்பையும் கடும் சொற்களையும் படித்துப் பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அது பயன்படும் ஆவணமாகவே படுகிறது. என்ன மனநிலையில் பார்த்தோம் என்று தெரிந்தால்தான், எதைப் பார்க்கத் தவறினோம் என்று யோசிக்க முடியும்.

மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்தவர். அவர் வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்தன. பிறகு அந்தக் கிராமத்தைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். நூல் 1976இல் வந்தது. ஆண்டுக்கணக்கில் எழுதியும் அடுக்கியும் பழகிய மனத்தால் அது முடிந்தது என்பது என் எண்ணம். அதற்காகப் பிரதி எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்!

இன்னொன்று. நீங்கள் ஆய்வாளர் என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் சம்மதமும் வேண்டும். "இதை எழுதாதீர்கள்" என்று ஒருவர் சொன்னால், பேனாவை மூடிவிடுங்கள். இரவிலும் எழுதாதீர்கள். குறிப்பில் முதல் நாளிலிருந்தே புனைபெயர்தான். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் குறிப்பேட்டோடு சேர்ந்து ஒரே பையில் இருக்கக் கூடாது. பை தொலைந்தால் உங்களுக்குப் போவது சில மாத உழைப்பு. அவர்களுக்கு வேலையே போகலாம்.

நன்றி, வணக்கம்.