பத்திரம் பத்திரமாக இருக்கிறது, நிலம் எங்கே?

நடுவர் அவர்களே, வணக்கம். "பொதுநலன் என்றால் இழப்பீடு தராமலே தனியார் சொத்தை அரசு எடுக்கலாம்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கூடவே கூடாது என்பது எங்கள் கட்சி.

சொத்தை அரசு தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சாலை வேண்டும், அணை வேண்டும். எடுங்கள், காசைக் கொடுத்துவிட்டு எடுங்கள். எல்லாரும் போகிற சாலைக்கு எல்லாரும் வரி கட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் வரியோடு தன் வீட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றால், இது என்ன கணக்கு?

1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 28ஆம் பிரிவு, அரச அதிகாரி யாருடைய தானியத்தை எடுத்தாலும் உடனே காசு தர வேண்டும் என்கிறது. உரியவரே மனமுவந்து தவணை கொடுத்தால்தான் தாமதிக்கலாம். மன்னரின் ஆளே கடன் சொல்ல அனுமதி கேட்க வேண்டியிருந்தது ஐயா!

"1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 17ஆம் பிரிவில் இழப்பீடு என்ற சொல்லே இல்லையே" என்றார் எதிரணித் தலைவர். இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவருடைய சொத்தையும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறதே, அதை ஏன் வாசிக்காமல் தாண்டினார்? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986இல், பிரிட்டனுக்கு எதிரான ஜேம்ஸ் வழக்கில், முழுச் சந்தை விலை எப்போதும் கட்டாயமில்லை என்றது. சரி. ஆனால் மதிப்புக்குப் பொருந்திய தொகை தராமல் எடுப்பது பொதுவாக அளவு மீறிய செயல் என்றும் சேர்த்தே சொன்னது.

2005இல் அதே நீதிமன்றம், இழப்பீடு தராமல் நிலம் எடுத்த ஜெர்மனியை விட்டுவிட்டதே என்பார்கள். இரண்டு ஜெர்மனிகள் ஒன்றான குழப்பத்தில் கிழக்கே சிலருக்கு முழு உரிமையாகிப்போன நிலம் அது. விதிவிலக்கான சூழல் என்று சொல்லித்தான் விட்டது. விதிவிலக்கைத் தூக்கி விதியின் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

இப்போது கிரேக்கத்துக்கு வாருங்கள். 1967, ராணுவ ஆட்சி. மாரத்தான் பக்கம் கடற்கரையோரத் தனியார் நிலத்தைக் கடற்படைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். கடற்படை தளம் கட்டியது, நியாயம். கூடவே அதிகாரிகளுக்கு ஓய்வு விடுதியும் கட்டியது! 1974இல் ராணுவ ஆட்சி போனது. உள்நாட்டு நீதிமன்றங்களும் நிலம் உரியவர்களுடையதே என்றன. ஆனாலும் நிலம் திரும்பவில்லை, பணமும் வரவில்லை. மாற்று நிலம் என்றார்கள், அதுவும் கைக்கு வரவில்லை. பத்திரம் பத்திரமாக இருந்தது, நிலம்தான் இல்லை. உரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 1993இல். அதாவது, 26 வருடம் கழித்து! 1995இல், கட்டடங்களோடு நிலத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் ஈட்டுத்தொகை கொடு என்று உத்தரவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அந்த விடுதிக் கட்டிலில் படுத்துத் தூங்கியது எந்தப் பொதுநலன் என்று, அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் சொல்லட்டும்.