பெல்ட்ட கழட்டுனா மட்டும் மேனுவல் ஸ்டீரிங் ஆயிடாது

வணக்கம் மக்களே. இன்னிக்கு கோலாலம்பூர் செகாம்புட்ல, பட்டறைக்குள்ள இருந்து பேசுறேன். பின்னால லிஃப்ட்ல நிக்கிறது மாஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர், எம்எக்ஸ்-5ஓட முதல் தலைமுறை. முன்னால மேசையில ரெண்டு ஸ்டீரிங் ரேக், அதாவது ஸ்டீரிங் திருப்புறத முன் சக்கரத்துக்குக் கொண்டு போற பல்லுக் கம்பி. இடது பக்கம் மேனுவல், கை பலத்துல மட்டும் திரும்புறது. வலது பக்கம் பவர், பெல்ட்ல ஓடுற பம்ப் ஆயில அழுத்தி கைக்கு உதவி பண்றது. ரெண்டும் அதே மாடல் காடிக்கு கம்பெனியே போட்டுக் குடுத்தது. "பவர எடுத்துட்டு மேனுவல் ஆக்கிடலாமா?" அப்படின்னு கேக்குறவங்களுக்காகத்தான் இந்த வீடியோ. இந்த ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

மொதல்ல பல்லு கணக்கு. மேனுவல் ரேக்ல ஸ்டீரிங்க ஒரு கடைசில இருந்து மறு கடைசிக்குத் திருப்ப ஏறக்குறைய 3.3 சுத்து. பவர் ரேக்ல 2.8 சுத்து. ரேஷியோவா, அதாவது சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீரிங் எத்தனை டிகிரி திரும்பணும்னு சொன்னா, மேனுவல் 18க்கு 1, பவர் 15க்கு 1. மேனுவல்ல கை நெறைய தூரம் போகுது, அதனால பாரம் கொறையுது. பவர்ல தூரம் கம்மி, பாரத்த பம்ப் தூக்கிக்குது. இப்ப பவர் ரேக்க அப்படியே வச்சுக்கிட்டு பம்ப மட்டும் எடுத்தீங்கன்னா என்ன ஆகும்? 18ஐ 15ஆல வகுத்துப் பாருங்க, 1.2 வரும். கம்பெனி மேனுவல் ரேக்க விட 20 சதவீதம் கூடுதல் பாரம் உங்க கைக்கு. அதுவும் ரேக்குக்குள்ள வேற எந்த உரசலும் இல்லன்னு வச்சுக்கிட்டாதான். உரசல் இருக்கு, அதுக்கு வர்றேன்.

இப்ப இத நல்லா கவனிங்க. பவர் ரேக்கோட பல்லுப் பக்கத்த வைஸ்ல இறுக்கிட்டேன், அது அசையாது. மேல இருக்கிற ஷாஃப்ட்ட கையால திருப்புறேன். பாத்தீங்களா? ரேக் நகரல, ஆனா ஷாஃப்ட் கொஞ்சம் திரும்புது. உள்ள டார்ஷன் பார்னு ஒரு ஒல்லியான கம்பி முறுக்குது. அந்த முறுக்குதான் வால்வ தொறந்து, ஆயில எந்தப் பக்கம் தள்ளணும்னு சொல்லுது. பம்ப் ஓடும்போது அந்த முறுக்கு உங்க கைக்குத் தெரியாது. பம்ப் இல்லன்னா மொதல்ல கம்பி முறுக்கணும், முறுக்கி முடிஞ்சு உள்ள இருக்கிற இரும்பு இரும்போட முட்டணும், அப்புறம்தான் டயர் திரும்பும். ஹைவேயில நேரா போகும்போது நடுவுல ஒரு கொழகொழப்பு வரும். மேனுவல் ஸ்டீரிங்ல ரோட்ட துல்லியமா உணரலாம்னு ஆசப்பட்டு இத செஞ்சவங்களுக்கு, அந்தத் துல்லியம்தான் மொதல்ல போயிடும்.

பெல்ட்ட மட்டும் கழட்டி விடுறது இன்னும் மோசம். ரேக்குக்குள்ள பிஸ்டன் இருக்கு, அதச் சுத்தி ஆயில் இருக்கு. நீங்க திருப்புறப்பல்லாம் அந்த ஆயில சின்ன ஓட்டைகள் வழியா, நின்னு போன பம்ப் வழியா உங்க கையாலயே தள்ளுறீங்க. சில பேர் ரேக்கோட ரெண்டு பைப்பையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து லூப் போடுவாங்க. ஆயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டு வர வழி கிடைக்கிறதால பாரம் கொஞ்சம் கொறையும். ஆனா பிஸ்டன் சீல் உரசல் அப்படியேதான் இருக்கும், டார்ஷன் பார் கொழகொழப்பும் போகாது. தற்காலிகமா சோதிச்சுப் பாக்க லூப் போதும். வருஷக் கணக்கா ஓட்டுறதுக்கு அது வேல இல்ல.

அப்ப மேனுவல் எதுக்கு? சரியா செஞ்ச மேனுவல் ஸ்டீரிங் தர்ற தகவல் ரொம்ப உயர்வானது, அத மனசார சொல்றேன். டயருக்கும் உங்க கைக்கும் நடுவுல பல்லும் ரேக் கம்பியும்தான். முன் டயர் பிடி விடப்போற நேரத்துல, அது வழுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, ஸ்டீரிங் லேசாகும். மழையில காராக் ஹைவேயில தண்ணி தேங்கின எடத்துல டயர் மெதக்க ஆரம்பிக்கிறத கை சட்டுன்னு புடிச்சிடும். ஆயில் அழுத்தத்துல ஓடுற ஹைட்ராலிக் பவர்லயும் இது தெரியும், கொஞ்சம் மழுங்கித் தெரியும். ஆனா அதே நேரடித் தொடர்பு குழியில விழும்போது ஸ்டீரிங்க கையில இருந்து புடுங்கும். மேனுவல் காடியில கட்டை விரல ஸ்போக்குக்குள்ள கோத்துக்கிட்டு ஓட்டாதீங்க.

இன்னொரு விஷயத்த பல பேர் யோசிக்கிறதில்ல. பின்பக்கம் வழுக்குனா திருப்பிப் புடிக்க வேகம் வேணும். 18 ரேஷியோவுல கை கூடுதல் தூரம் போகணும், அதுவும் பாரத்தோட. கோன் வச்சு ஓடுற ஜிம்கானா மாதிரி எடத்துல பவரோட 2.8 சுத்துதான் எனக்கு நல்லதாப் படுது. செபாங் ரேஸ் ட்ராக்ல 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பல வளைவுகள் நீளமானது, கை ஒரே பாரத்த ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டே இருக்கணும். ஒட்டுற ட்ராக் டயர் போட்டா பாரம் இன்னும் ஏறும். நம்ம ஊரு வெயில்ல அஞ்சாறு லேப்புக்கு அப்புறம் முன்கை சோர்ந்துடும். கை சோர்ந்தா வளைவுக்குள்ள திருப்புற நேரமும் தப்பும்.

எந்தக் காடிக்கு மேனுவல் பொருந்தும்? மொத்த எடைய விட முன் சக்கரத்து மேல எவ்வளவு எடை இருக்குன்னு பாருங்க. லோட்டஸ் எலிஸ் முதல் தலைமுறை 725 கிலோ அளவுதான், எஞ்சின் நடுவுல, முன்பக்கம் ஏறக்குறைய 40 சதவீதம். அதுல பவர் தேவையே இல்ல. ஹோண்டா என்எஸ்எக்ஸ் 1990ல வந்தப்ப மேனுவல் கியர்ல பவர் ஸ்டீரிங் இல்ல, ஆட்டோ கியருக்கு மட்டும் எலெக்ட்ரிக் பவர் குடுத்தாங்க. போர்ஷ 911 எஞ்சின் பின்னால இருக்கிறதால 1989ல 964 வர்ற வரைக்கும் பவர் இல்லாமயே ஓடிச்சு. இந்த யூனோஸ் அடிப்படை மாடல் 940 கிலோ, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதி பாதி. இதுக்கும் மேனுவல் சரிப்படும். ஆனா புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ மாதிரி முன்சக்கரம் இழுக்கிற காடியில எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால. ஆக்ஸிலரேட்டர மிதிக்கும்போது ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கும், அத உங்க கைதான் தாங்கணும். அதுல பவர எடுக்காதீங்க.

அடுத்து நீங்க எங்க ஓட்டுறீங்க. வாரத்துல அஞ்சு நாள் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பேரலல் பார்க்கிங், மால்ல பழைய சுருள் ரேம்ப், சாயங்காலம் ஜாலான் ஈப்போ நெரிசல்னா, பவர வச்சுக்குங்க. தோள்பட்டை வலி, மணிக்கட்டு வலி உள்ளவங்களுக்கும் அதேதான். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் உலு யாம் பக்கம் போற ரெண்டாவது காடின்னா மேனுவல் தாராளமா செய்யலாம்.

செய்யுறதுன்னு முடிவு பண்ணிட்டா மொத வழி, கம்பெனி மேனுவல் ரேக் தேடுறது. ஹாஃப் கட் கடைகள்ல, அதாவது பாதியா வெட்டி வர்ற பழைய காடி சாமான் விக்கிற கடைகள்ல, கேட்டுப் பாருங்க. கிடைச்சா ரெண்டு பக்கமும் பூட்டுன்னு சொல்ற ரப்பர் உறை கிழிஞ்சிருக்கா, ரேக் கம்பியில துரு இருக்கா, நடுவுல ஆட்டம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. துரு புடிச்ச ரேக் விலை கொறச்சலா குடுத்தாலும் வேணாம்.

கிடைக்கலன்னா பவர் ரேக்க முழுசா பிரிச்சு மாத்துறது. முன்பக்கத்த ஸ்டாண்ட்ல ஏத்தி, சக்கரத்த கழட்டி, ஸ்டீரிங்க நேரா வச்சுக் கட்டிடுங்க. ஏர்பேக் உள்ள காடியில ஸ்டீரிங் தன்னால சுத்துனா உள்ள இருக்கிற சுருள் ஒயர் அறுந்துடும். ரேக்க சக்கரத்தோட இணைக்கிற டை ராட் எண்ட்ட புல்லர் போட்டு எடுங்க, சுத்தியலால அடிச்சா மரை கெடும். எத்தனை மரை உள்ள இருந்துச்சுன்னு எண்ணி எழுதி வச்சுக்குங்க. ரேக்க வெளிய எடுத்து ஆயில வடிச்சு, ஷாஃப்ட் அடியில இருக்கிற சின்னப் பல்சக்கரமான பினியன கழட்டி, ரேக் கம்பிய உருவி, பிஸ்டன் மேல இருக்கிற வளையத்தையும் அதுக்கு அடியில உள்ள ரப்பரையும் எடுத்துடணும். இப்ப காத்து பிஸ்டனத் தாண்டி தாராளமா போகும், உரசலும் போச்சு.

டார்ஷன் பார் வேலையிலதான் ரொம்பக் கவனம் வேணும். மேல் ஷாஃப்ட்டையும் பினியனையும் நடு நிலையில வச்சு ஒண்ணா வெல்ட் பண்ணணும். ஒரு பக்கம் முறுக்கினபடி வெல்ட் பண்ணாதீங்க. பேரிங்கையும் சீலையும் மொதல்லயே எடுத்துட்டு, டிக் வெல்டிங்ல சின்னச் சின்னதா வச்சு, ஒவ்வொரு தடவையும் ஆற விட்டு வைக்கணும். ஒரே மூச்சுல வச்சா ஷாஃப்ட் கோணும். கோணுன ஷாஃப்ட் ஒவ்வொரு சுத்துலயும் ஒரு எடத்துல இறுகி, ஒரு எடத்துல தளரும். இது உயிர் சம்பந்தப்பட்ட எடம். மெஷின் ஷாப்ல இந்த வேல தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, கேட் வெல்ட் பண்றவர்கிட்ட குடுக்காதீங்க.

அப்புறம் கிரீஸ். பவர் ரேக்குக்கு ஆயில்தான் வழுக்கு. ஆயில எடுத்துட்டு வறட்சியா மாட்டுனா தேஞ்சு போகும். பல்லு முழுக்க, ரேக் கம்பி நீளம் முழுக்க நல்ல லித்தியம் கிரீஸ் பூசுங்க. பைப் ஓட்டைகள பிளக் போட்டு அடைங்க, தண்ணி போகக் கூடாது. ரெண்டு பூட்டையும் இணைக்கிற சின்ன காத்துக் குழாய அடைச்சிடாதீங்க, பூட் ஊதி ஊதி கிழியும். பினியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற அழுத்தத் திருகு ரொம்ப இறுகினா ஸ்டீரிங் திருப்பின எடத்துலயே நிக்கும், தன்னால நடுவுக்கு வராது. ரொம்ப தளர்ந்தா கடகடன்னு சத்தம் வரும். சர்வீஸ் புத்தகத்துல இருக்கிற அளவுக்கே வச்சு, கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் திருப்பி, எங்கயும் சிக்கலன்னு பாத்துட்டுத்தான் மாட்டணும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு முக்கியமான சங்கதி. இந்த யூனோஸ்ல ஏர்கான் கம்ப்ரெசரும் ஸ்டீரிங் பம்பும் ஒரே பெல்ட்ல ஓடுது. பெல்ட் இறுக்கமே பம்ப் பக்கம்தான் சரி பண்றது. பம்ப எடுத்துட்டா ஏர்கான் பெல்ட்ட இறுக்க வழி இல்ல. பம்ப் இருந்த எடத்துல பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற ஐட்லர் புல்லியும் பிராக்கெட்டும் போட்டு, அதுக்கேத்த நீளத்துல பெல்ட் போடணும். இந்த சாமான் கையில வர்றதுக்கு முன்னாடி பம்ப கழட்டாதீங்க. கோலாலம்பூர் மத்தியானத்துல ஏர்கான் இல்லாம யாரும் ஓட்ட முடியாது.

பம்ப எடுத்தா பத்து குதிரைசக்தி கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நேரா போகும்போது பம்ப் பெருசா அழுத்தம் குடுக்கிறதில்ல, எஞ்சின்ல இருந்து கொஞ்சம்தான் எடுக்கும். முன்பக்கம் சில கிலோ எடை கொறையும், அதுதான் உண்மையான லாபம்.

டயரும் ஸ்டீரிங் சக்கரமும் சேந்துதான் பாரத்த முடிவு பண்ணும். இந்தக் காடிக்கு கம்பெனி டயர் 185/60 ஆர்14. 195 வரைக்கும் மேனுவல் தாங்கும். 205க்கு மேல போய், வெளிய தள்ளி நிக்கிற ரிம்மும் போட்டா கை நொந்துடும். 380 மில்லிமீட்டர் ஸ்டீரிங் சக்கரத்துக்குப் பதிலா 330 போட்டா பாரம் 15 சதவீதம் ஏறும், நெம்புகோல் கணக்குதான். அழகுக்காக சின்ன சக்கரம் போட்டுட்டு மேனுவல கொற சொல்லக் கூடாது. அலைன்மென்ட்ல கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சு பின்னால சாஞ்சிருக்கிற கோணம், கூடக் கூட தன்னால நடுவுக்கு வர்ற சக்தியும் பாரமும் சேந்தே ஏறும். ரோட்டுக்கு 4ல இருந்து 5 டிகிரி போதும். ஓட்டும்போது நின்ன எடத்துல திருப்பாதீங்க, காடி கொஞ்சம் உருள ஆரம்பிச்சதும் திருப்புனா பாதி பாரம் போயிடும்.

பவர வச்சுக்கிறவங்க அத ஒழுங்கா வச்சுக்குங்க, மந்தமான பவர் ஸ்டீரிங் பல தடவ பழைய ஆயிலாலதான். இந்தக் காடிக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் ஆயில், டெக்ஸ்ரான் வகை. தொட்டியில கறுத்துப் போயிருந்தா, திரும்பி வர்ற ஹோஸ ஒரு போத்தல்ல விட்டு, முன்சக்கரத்த தூக்கி வச்சு, புது ஆயில ஊத்திக்கிட்டே ரெண்டு பக்கமும் மெதுவாத் திருப்புங்க. ஆயில் பால் மாதிரி நொரைச்சா காத்து இருக்கு, நொரை அடங்குற வரைக்கும் நிறுத்தி வச்சுட்டு மறுபடி திருப்புங்க. கடைசி வரைக்கும் திருப்பி அஞ்சு விநாடிக்கு மேல அழுத்திப் புடிக்காதீங்க, பம்ப் சூடேறி சீல் போகும். ரேக்கோட ரப்பர் பூட்ட விரலால அமுக்கிப் பாருங்க. உள்ள ஈரமா, செவப்பா ஆயில் தெரிஞ்சா ரேக் சீல் போயிருக்கு. அப்படி ஆன ரேக்குக்கு ஆயில் ஊத்திக்கிட்டே இருக்கிறதுல அர்த்தமில்ல, சீல் கிட் போட்டு பிரிச்சு செய்யணும். மேனுவல் ஆக்குற யோசனை இருந்தா அதுதான் சரியான நேரம், எப்படியும் ரேக் வெளிய வரப்போகுது.

மாத்துறதுக்கு முன்னாடி ஜேபிஜேயிலயும் (சாலைப் போக்குவரத்து இலாகா) இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் கேட்டுக்குங்க. வேல முடிஞ்சு நூறு கிலோமீட்டர் ஓடினதும் காடிய மறுபடி லிஃப்ட்ல ஏத்தி, டை ராட் நட்டு, ரேக்க பிடிச்சிருக்கிற போல்ட்டு, பினியன் மேல இருக்கிற ஜாயிண்ட் போல்ட்டு, இந்த மூணையும் இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சுப் பாருங்க. வெல்ட் பண்ணின ரேக்னா, ஸ்டீரிங்ல புதுசா கொஞ்சம் ஆட்டம் தெரிஞ்சாலும் அன்னிக்கே காடிய நிறுத்திட்டு பிரிச்சுப் பாருங்க.