சின்னத் தீவில ஏன் இத்தினை விதமான பேச்சு?

வணக்கம். யாழ்ப்பாணத்தில பஸ் ஏறினா ஒரு பகலுக்குள்ள மட்டக்களப்புக்குப் போயிடலாம், ஆனா அங்க இறங்கி ஒரு கடையில நிண்டு வாயைத் திறந்தவுடன நீங்க எந்த ஊர் எண்டு பிடிச்சுப்போடுவினம். இந்தச் சின்னத் தீவில, அதுவும் ஒரே தமிழுக்குள்ள, ஏன் இப்பிடி எண்டது கனகாலமா என்னை விடாத கேள்வி.

ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிப் பாருங்கோ. அதையே மலையகத்தில, அட்டன்ல கேட்டா ஒண்ணு, ரெண்டு, மூணு. நாங்கள் ஓம் எண்டுவம், அங்க ஆமா. மலையகத்துக்குத் தமிழ்நாட்டில இருந்து சனம் வரத் தொடங்கினது 1820களில, கோப்பித் தோட்டத்துக்கு, தேயிலை பிறகுதான். கங்காணிமார் தங்கட ஊர், தங்கட சொந்தம் எண்டு கூட்டங் கூட்டமாக் கூட்டிக்கொண்டு வந்தவை, வந்த ஆக்களும் லயத்தில, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில, ஒண்டாவே இருந்தவை. பிள்ளை கேட்டு வளந்தது தாயின்ர, பக்கத்துக் காம்பராக்காரரின்ர பேச்சை, யாழ்ப்பாணத்தாரோட கதைக்க அதுக்கு எங்க சந்தர்ப்பம்? ஆர் ஆரோட தினமும் கதைக்கினம், அதைப் பாருங்கோ, மைல் கணக்கைப் பாக்காதேங்கோ.

யாழ்ப்பாணத்துக்கும் அதே கதைதான். சுத்திவர கடல், ஆனையிறவால ஒரு ஒடுக்கமான வழி, அதுக்கங்கால வன்னிக் காடு. கொழும்பு ரயில் வந்து சேந்ததே 1905இல. இப்பிடி ஒதுங்கின இடத்தில பழசு தங்கும். நான் எங்க பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டன், "உவன் எங்க போறான்?" எண்டு கேக்கிறமே, அந்த 'உ'. எனக்குக் கிட்ட நிண்டா இவன், தூரத்தில நிண்டா அவன், உங்கட பக்கத்தில நிண்டா உவன். தொல்காப்பியத்தில அ, இ, உ மூண்டும் சுட்டு எண்டு கிடக்கு. தமிழ்நாட்டுப் பேச்சில அந்த உ இல்லாமப் போயிட்டுது, இங்க முத்தத்தில நிண்டு ஒரு ஆச்சி "உதை எடு பிள்ளை" எண்டு இண்டைக்கும் சொல்லுது! அதைப் போய்ப் பிழையான தமிழ் எண்டு பிள்ளையளுக்குத் திருத்தினா எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

இன்னொண்டு, சனம் தன்ர பேச்சை வேணுமெண்டே பிடிச்சு வைச்சிருக்கும். கொழும்பில வேலை செய்யிற பிள்ளை ஒபிஸில ஒருமாதிரிக் கதைக்கும், அம்மாவின்ர ஃபோன் வந்தவுடன மாறிடும், பாத்திருப்பியள்.

மட்டக்களப்பின்ர "என்னகா"வைப் பற்றிக் கனக்க வைச்சிருந்தனான், நேரம் வந்திட்டுது எண்டு அங்கால இருந்து கை காட்டினம். பேச்சுத் தமிழுகளுக்குள்ள எழுத்துத் தமிழுக்கு ஆகக் கிட்ட நிக்கிறது மட்டக்களப்புத் தமிழ்தான் எண்டு செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார், அதை மட்டும் சொல்லிப்போட்டன். முஸ்லிம் ஊர்களின்ர "வாப்பா, உம்மா" பேச்சு அடுத்த முறைக்கு. வணக்கம்.